காசில்லாததும் கட்டில்லாததும்

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய மடிக்கணினி கிடைத்தது. பேத்தி பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அரசுக் கோப்புகளில் அதற்குப் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. 'இலவசம்' என்ற சொல்லை எழுதக் கூடாது என்று எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அப்போது வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். நானும் பல பக்கங்களில் 'விலையில்லா' என்று அடித்திருக்கிறேன்.

அதைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றுதான் கீழே இறக்கினேன். எதிர் வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "தாத்தா, பேட்டரிதான் செத்துப்போச்சு, பிளக்குல போட்டா ஓடும்" என்றான். டிப்ளமா முடித்துவிட்டு அம்பத்தூரில் வேலைக்குப் போகிற பையன். போட்டோம், ஓடியது. திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்று விண்டோஸ், இன்னொன்று 'பாஸ்'. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் பாஸுக்குக் கீழே உட்கார்ந்தவன், இப்போது பாஸ் என் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இப்போது சிரிப்பு குறைவு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக அவளுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, இருக்கிற பார்வையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். போனது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், வார இதழ் வந்தால் எனக்கு முன்னால் படித்து முடிப்பவள், இப்போது எழுத்தைப் பார்த்தால் எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கிறது என்கிறாள். பேத்தி புனேயில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயாவுக்கு என்றே தமிழில் நீளமாக ஒரு மெயில் எழுதுவாள். நான்தான் படித்துக் காட்டுவேன். ஆனால் பேத்தி ஆயாவுக்கு எழுதுவதில் தாத்தா கேட்கக் கூடாத விஷயங்களும் உண்டு. சில வரிகள் வந்ததும் இவள் "போதும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

"படிச்சுக் காட்டற சாப்ட்வேர் இருக்கு தாத்தா, ஃப்ரீதான்" என்றான் பையன். ஃப்ரீ என்றதும் எனக்கு உடனே சந்தேகம். ஃப்ரீயாக வந்தது எதுவும் பின்னால் பில்லோடு வரும் என்பது அனுபவம். அவன் சிரித்து, "இது அந்த ஃப்ரீ இல்ல. விலை இல்லைங்கிறது வேற, சுதந்திரம்ங்கிறது வேற" என்று விளக்க ஆரம்பித்தான். பாவம், பத்து நிமிஷம் திணறினான். எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்தக் குழப்பம் கிடையாது. காசு வேண்டாம் என்றால் 'கிராத்துய்', கட்டுப்பாடு இல்லை என்றால் 'லிபர்'. இரண்டு சொல், இரண்டு பொருள். இங்கிலீஷ்காரர்கள்தான் இரண்டையும் ஒரே ஃப்ரீயில் போட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். தமிழிலும் நமக்குப் பஞ்சமில்லை. மடிக்கணினி விலையில்லாதது, அதற்குள் இருக்கும் பாஸ் கட்டற்றது. கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் ஏற்கனவே பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்.

இந்தக் கதையின் ஆரம்பம் ஒரு பிரிண்டர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த லேசர் பிரிண்டரில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் வரும்படி ஒரு சிறு திருத்தம் செய்ய நினைத்தார். அதற்கு அந்த பிரிண்டரை ஓட்டும் நிரலின் மூலம் வேண்டும். கேட்டால் கொடுக்க மறுத்துவிட்டார்கள். சொந்த மேஜையில் இருக்கும் பிரிண்டரின் கோளாறைச் சரி செய்ய உரிமை இல்லையா என்ற கோபம் அவருக்கு. 1983-ல் குனூ திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம், நகல் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். இந்த நான்குதான் அவர் கேட்ட சுதந்திரம். பிரிண்டரில் காகிதம் சிக்கி, சீல் உடைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஆபீஸில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தவன் நான். அவர் கோபம் எனக்குப் புரிந்தது.

குனூ என்று எழுதினேன். இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஆப்பிரிக்க மான் ஒன்றின் பெயர் அது. இங்கிலீஷ் அகராதிப்படி முதலில் உள்ள ஜி எழுத்தை விழுங்கி 'நூ' என்று சொல்ல வேண்டும். ஆனால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லும்போது ஜியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஸ்டால்மன் கேட்டுக்கொண்டார். பிரெஞ்சிலும் அந்த மானை ஜியோடு சேர்த்துத்தான் சொல்வோம். என் வாழ்க்கையில் இங்கிலீஷ் சொல் ஒன்றை பிரெஞ்சு மாதிரி சொல்லி அது சரியாக அமைந்தது இந்த ஒரு தடவைதான். லினக்ஸிலும் இதே தகராறு உண்டு. பையன் 'லைனக்ஸ்' என்பான். அதை 1991-ல் ஆரம்பித்த பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எப்படிச் சொல்கிறேன் என்று தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறார். அதில் 'லை' கிடையாது. 'லி'தான். பையனுக்குப் போட்டுக் காட்டினேன். "அவர் சொல்றாருன்னா சரி, ஆனா இன்டர்வியூல லைனக்ஸ்னுதான் தாத்தா கேப்பாங்க" என்றான். அதுவும் நியாயம்தான்.

உச்சரிப்பு என்றால் எனக்கு ஒரு பழைய புண் உண்டு. பிரெஞ்சில் ஹ உச்சரிப்பதில்லை. எழுத்து இருக்கும், சத்தம் இருக்காது. சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஹெட் கிளார்க்கை 'எட் கிளார்க்' என்றும், ஹார்பரை 'ஆர்பர்' என்றும் சொல்வேன். ஆபீஸில் ஒருவர் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். பல வருஷம் மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் ராயபுரத்தில் வீடு பார்த்துக் குடி வந்தபிறகு ஒன்று கவனித்தேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை. இங்கே எல்லோருமே ஆஸ்பத்திரி, ஓட்டல், ஆர்பர் என்றுதான் சொன்னார்கள். என் மாமனாரே ஆர்பரில் வேலை பார்த்தவர், ஒரு நாளும் ஹ போட்டுச் சொன்னதில்லை.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்தவர் ஜோசப் கொலெட். திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களுக்கு ஒரு குடியிருப்பு அமைத்தார். கொலெட் பேட்டை. அது நம் வாயில் புகுந்து வெளியே வரும்போது காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இன்று மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். தெற்கே போனால் ஹாமில்டன் பாலம். நம்மவர்கள் ஹ-வை விழுங்கி அம்பட்டன் வாராவதி என்றார்கள். அதை வெள்ளைக்காரன் திரும்ப மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதி வைத்தான் என்பார்கள். பதிலுக்கு அவர்களும் சும்மா இருக்கவில்லை. திருவொற்றியூரைச் சுருக்கி 'டிரிவட்டூர்' ஆக்கினார்கள். தண்டையார்பேட்டையை டோண்டியார்பேட் ஆக்கினார்கள். இந்த மாதிரி 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி 2020 ஜூனில் ஓர் அரசாணை வெளியானது. எத்தனை எழுத்து போடுவது என்று ஊரே விவாதித்தது. சில நாட்களிலேயே அரசாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு பெயரின் எழுத்தைத் திருத்துவது எத்தனை கையெழுத்து பிடிக்கும் வேலை என்று எனக்குத் தெரியும்.

இனி படிக்கும் பெட்டிக்கு வருகிறேன். பையன் பழைய பாஸை எடுத்துவிட்டு டெபியன் என்ற புதிய லினக்ஸைப் போட்டான். அதில் ஓர்கா என்ற திரை வாசிப்பான், அதற்குக் குரல் கொடுப்பது ஈஸ்பீக். ஜோனதன் டட்டிங்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1995-ல் ஒரு சிறிய கணினிக்காக எழுத ஆரம்பித்தது. இன்று பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள், நூறு மொழிக்கு மேல் பேசுகிறது. மனிதர் குரலைப் பதிவு செய்து ஒட்டுவதில்லை. ஒவ்வொரு ஒலியையும் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. அதனால் மொத்தமே சில எம்.பி.தான், பழைய பெட்டியிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். அதனாலேயே குரலும் இயந்திரக் குரல்.

முதலில் இங்கிலீஷைப் போட்டுப் பார்த்தேன். எந்த இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டது. லண்டன் படித்தவர் இங்கிலீஷ், ஸ்காட்லாந்து, லங்காஷயர், பர்மிங்காம் பக்கம், அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவு என்று வரிசை. ஒரே வாக்கியத்தை ஆறு விதமாகச் சொல்ல வைத்துக் கேட்டேன். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அவர்கள் நாட்டிலேயே இத்தனை இருக்கும்போது என் எட் கிளார்க்குக்கா அவ்வளவு சிரிப்பு என்று நாற்பது வருஷம் கழித்து ஒரு சமாதானம்.

அடுத்து தமிழ். பேத்தியின் மெயிலைத் திறந்து, வீட்டம்மாவை உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

"இன்னாங்க இது, தகர டப்பாவுல கல்லு போட்டுக் குலுக்கற மாதிரி?" என்றாள்.

பொறுமையாகக் கேள் என்றேன். கேட்டாள். மெயில் முடிந்தது. கடைசி வரியில் பேத்தி தன் பெயரைப் போட்டிருந்தாள். பெட்டி அதைப் படித்தது. இவள் முகம் சட்டென்று மாறியது. "புள்ள பேரையே சரியா சொல்லத் தெரியல, இது இன்னாத்த படிக்கும்? மூடி வைங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

என்ன நடந்தது என்றால், என் பேத்தியின் பெயர் ப-வில் தொடங்கும். ஆனால் 'பத்து'வில் வரும் ப இல்லை, 'பஸ்'ஸில் வரும் ப. உங்களுக்கு இதை எழுதிக் காட்டவே தமிழில் எனக்கு எழுத்து இல்லை பாருங்கள், உதாரணம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. தமிழ்ச் சொல்லில் இது இடத்தைப் பொறுத்துத் தானாக அமையும், விதி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் பெயருக்கும் அந்த விதி ஓடாது. நமக்குப் பழக்கத்தில் தெரியும். பெட்டிக்கு எப்படித் தெரியும்? விதிப்படி சரியாகத்தான் படித்தது. நான்காவது வகுப்புப் பிள்ளை மாதிரி.

ஆனால் அந்த ஒரு பெயர்தான் அவளுக்கு முக்கியம். பேத்திக்கு அந்தப் பெயர் வைத்தவளே அவள்தான். அவள் அம்மாவின் பெயர்.

கைபேசியில் வேறு ஒரு குரல் இருக்கிறது. தேன் மாதிரிப் பேசும். அதில் போட்டுப் பார்த்தேன். அதுவும் பெயரைத் தப்பாகத்தான் சொன்னது, ஆனால் இனிமையாகத் தப்பாகச் சொன்னது. திருத்த வழி இருக்கிறதா என்று அமைப்புகள் எல்லாம் தேடினேன். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆண் குரல் பெண் குரல் மாற்றலாம். பெயரைத் திருத்த இடம் இல்லை. கருத்துத் தெரிவிக்கும் பெட்டியில் எழுதி அனுப்பினேன். நன்றி என்று உடனே பதில் வந்தது. அத்தோடு சரி.

பையனிடம் சொன்னேன். "ஈஸ்பீக்னா நாமளே மாத்தலாமே தாத்தா" என்றான். உள்ளே தமிழுக்கு இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று விதிகள், இன்னொன்று விதிவிலக்குகளின் பட்டியல். சாதாரண எழுத்துக் கோப்புகள். திறந்தால் படிக்கலாம். எந்த எழுத்து எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருக்கிறார்கள். இலக்கண நூலையும் ஆபீஸ் மேனுவலையும் சேர்த்த மாதிரி இருந்தது. எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பொது விதி, கீழே விதிவிலக்கு. காலம் முழுக்க நான் படித்தது அதைத்தானே.

பட்டியலில் பேத்தியின் பெயரை எழுதி, பக்கத்தில் அதன் ஒலிக்குறியை ஆங்கில எழுத்துகளில் அடித்தேன். மறுபடி தொகுக்கச் சொல்லி ஒரு கட்டளை. பெட்டி பெயரைச் சரியாகச் சொன்னது. எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அடுத்த வரியிலேயே தடுக்கிவிட்டது. பெயர் தனியாக வந்தால் சரி. பெயரோடு 'க்கு', 'யை', 'யின்' சேர்ந்தால் பழையபடி தப்பு. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டுதானே வரும், பெட்டிக்கு அது புதுச் சொல். ஒவ்வொன்றாகப் பதினொரு வரி சேர்த்தேன். இரவு வேலையிலிருந்து வந்த பையன் பார்த்துவிட்டு, விதிகள் கோப்பில் இந்தப் பெயரால் தொடங்கும் எந்தச் சொல்லுக்கும் பொருந்தும்படி ஒரே வரி எழுதினான். பதினொன்றையும் அடித்துவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். சரி என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மெயில் முடிகிற இடம். தகர டப்பா குரலில் பேத்தியின் பெயர், அவள் கொள்ளுப்பாட்டியின் பெயர், சுத்தமாகக் கேட்டது. இவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டேன். பிறகு, "மொதல்லேர்ந்து போட்டுட்டு நீங்க வெளிய போங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு வீட்டுக்குள் இடமில்லை. காசிமேடு பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். ஆயாவும் பேத்தியும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பழைய பாட்டுக்கு அவள் இன்னும் கைபேசியைத்தான் கேட்கிறாள். இல்லாவிட்டால் மடிக்கணினியிலேயே வி.எல்.சி.யில் போடுவேன். ஆரஞ்சு வெள்ளைக் கூம்பு படம் போட்டது, பலர் பார்த்திருப்பீர்கள். 1996-ல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது, 2001 முதல் அதுவும் கட்டற்றது. எங்கள் வாத்தியார் இருந்தால் 'வே எல் சே' என்று சொல்லியிருப்பார். கட்டற்றதில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரல் கரகரப்புதான். பையன் இல்லாவிட்டால் என்னால் பாதியும் முடிந்திருக்காது. ஆனால் கோளாறு கண்ணில் பட்டால் அதைச் சரி செய்ய யார் காலிலும் விழ வேண்டாம். ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் தெரிந்தவன் எதிர் வீட்டில் இருந்தால் போதும்.

இப்போது என் மேஜையில் ஒரு நீளப் பதிவேடு இருக்கிறது. வரிசை எண், சொல், தவறு, திருத்தம், தேதி. வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பீச் ஸ்டேஷன், பேசின் பிரிட்ஜ், டோல்கேட், எதிர் வீட்டுப் பையன் பெயர். எழுபத்து மூன்று சொல் ஆகிவிட்டது. தண்டையார்பேட்டையில் என் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. போன வாரம் அந்தக் கோப்பை பென் டிரைவில் போட்டு அவர் மகனிடம் கொடுத்தேன். நகல் கொடுக்கவும் திருத்தியதைக் கொடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்பதால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பதிவேட்டின் கடைசிப் பத்தியில் 'நகல் ஒன்று வழங்கப்பட்டது' என்று மட்டும் பழக்க தோஷத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.